நாலு சத்தமும் ஆறு சந்தனப் பொட்டும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஏதாவது யந்திரம் சத்தம் போட்டால், அது ஏன் அப்படிப் போடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் சும்மா இருக்க முடியாது. வட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டு விறாந்தையில் தையல் மெசினை வைத்து அயலவர்களுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே அது தொடங்கிவிட்டது. கீழ்நூல் முடியப் போகிறது என்பதை மூடியைத் திறக்காமலே சொல்லிவிடுவேன். ஊசி மழுங்கினால் அது துணியில் இறங்கும் சத்தம் மாறிவிடும். "காதைத் தீட்டாமல் கையைத் தீட்டு" என்று அம்மா ஏசுவார். அம்மாவின் ஏச்சுக்கும் நான் காது கொடுத்ததுதான், ஆனால் அதில் கண்டுபிடிக்கப் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை.

எனக்கு இருபத்திரண்டு வயதானபோது அண்ணை மலாயாவிலிருந்து ஆறு மாத லீவில் வந்தார். அங்கே ரயில்வேயில் அவருக்கு வேலை. கலியாணம் செய்து பெண்ணையும் கூட்டிக்கொண்டு தை மாதம் திரும்பிப் போவது என்று ஏற்பாடு. ட்ரங்குப் பெட்டிகளோடு ஒரு கைத்துவக்கும் வந்தது. காட்டோரத்து ஸ்டேசனில் தனியாக இருந்த காலத்தில், ஊருக்குப் போகும் ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியதாம். ஆறு தோட்டா போடும் சில்லு வைத்த பழைய அமெரிக்க ரிவோல்வர். அரசாங்கக் கச்சேரிக்குப் போய் அதைப் பதிந்து லைசென்சும் எடுத்துக்கொண்டார்.

இன்னொன்றையும் அண்ணை கொண்டுவந்திருந்தார். அதற்கு அவர் லைசென்ஸ் எடுக்கவில்லை. காட்டுக் காய்ச்சலுக்கு வருடக்கணக்காகத் தின்ற கொயினா மருந்து அவருடைய இரண்டு காதையும் அடைத்துவிட்டிருந்தது. முகத்துக்கு நேரே நின்று நிதானமாகக் கதைத்தால் உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்வார். முதுகுப் பக்கம் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டார். இதைக் கண்டுபிடித்த அன்றே அம்மா சட்டம் போட்டுவிட்டார்.

"கலியாணம் முடியுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடப்படாது. ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணத்தைச் செய் எண்டு சும்மாவே சொன்னவை?"

ஆயிரம் பொய்யில் எண்ணூறு என் தலையில் விழுந்தது. யாராவது வீட்டுக்கு வந்தால் நான் அண்ணைக்கு எதிரே நிற்க வேண்டும். வந்தவர் ஏதாவது கேட்டால் அண்ணை என்னைப் பார்ப்பார். "எப்ப திரும்பிப் போறியள் எண்டு கேக்கினம் அண்ணை" என்று நான் வாயை நன்றாகத் திறந்து ஒப்புவிப்பேன். மலாயாவில் இருந்து வந்தவருக்கு ஊர்த் தமிழ் மறந்துபோச்சாக்கும் என்று ஒருவர் பகிடி பண்ணினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

ஒரு பின்நேரம் அண்ணை விறாந்தையில் சாக்கு விரித்துத் துவக்குக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நான் மெசினில் இருந்தேன். குதிரையைப் பெருவிரலால் பின்னுக்கு இழுத்துவிட்டு என்னைப் பார்த்தார். குதிரை என்பது தோட்டாவின் பிடரியில் அடிக்கிற சின்னச் சுத்தியல். இந்த வகைத் துவக்கில் விசையை மட்டும் இழுத்தால் ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் குதிரையைக் கையால் இழுத்து நிறுத்த வேண்டும்.

"பிள்ளை, இது இப்ப சத்தம் போட்டதோ?"

"ஓம், போட்டது."

"எத்தினை?"

"நாலு."

"நாலும் இருக்குதெல்லே" என்று பெருமூச்சு விட்டார். வாங்கிய புதிதில் அந்த நாலும் அவருக்குக் கேட்டதாம். இப்போது பெருவிரலில் உறைக்கிற அளவுதான்.

"என்னத்துக்கு நாலு?" என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும்? நாலு கேக்கவேணும் எண்டு வித்தவன் சொன்னவன்."

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நாலு சத்தம் போடுகிற ஒரு சாமானை, ஏன் நாலு என்று கேட்காமல் ஒரு மனிதன் ஐந்து வருடம் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டுச் சாக்கில் போய் இருந்தேன்.

தோட்டா ஒன்றும் இல்லை என்று ஆறு ஓட்டையையும் காட்டிவிட்டுத்தான் அண்ணை அதை என் கையில் தந்தார். பச்சைத் தேங்காய் மாதிரிக் கனத்தது. நான் குதிரையை மயிரளவு மயிரளவாக இழுத்தேன். முதல் சத்தம் உடனே வந்துவிட்டது. அந்த இடத்தில் விட்டால் குதிரை அங்கேயே நின்றது. அதன் மூக்கு தோட்டா இருக்கிற இடத்தைத் தொடாமல் ஒரு நூல் விலகி நின்றது. துவக்குக் கீழே விழுந்தாலும் மூக்கு தோட்டாவில் இடிக்காமல் இருக்கத்தான் அந்தச் சத்தம் என்று அன்றே சொன்னேன். அண்ணை துவக்கை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

இரண்டாவது சத்தம் பாதி வழியில் வந்தது. அது கொஞ்சம் தடித்த சத்தம். அங்கே நிறுத்தினால் விசை அசையாது, ஆனால் சில்லு கட்டவிழ்ந்த கன்று மாதிரிச் சுற்றும். பக்கத்தில் இருக்கிற சின்னக் கதவைத் திறந்து ஒவ்வொன்றாகத் தோட்டா போடுவது அந்த நிலையில்தான். சில்லைச் சுற்றினால் டிக் டிக் என்று ஆறு. அதிலும் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். வெறும் சில்லு சுற்றும்போது சத்தம் கணீரென்று இருக்கும். தோட்டா ஏறிய சில்லு அடங்கிச் சுற்றும். மண் முட்டி வாங்கப் போனால் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் அண்ணைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்க, அவர் தோட்டா போட்டோ போடாமலோ சில்லைச் சுற்றுவார். நான் இருக்கு, இல்லை என்று சொல்வேன். எட்டு முறையில் ஏழு முறை சரி. எட்டாவது முறை அவர் ஒரேயொரு தோட்டாவைப் போட்டு என்னை ஏய்க்கப் பார்த்தார், அதனால் அதைக் கணக்கில் எடுக்க முடியாது.

மூன்றாவது சத்தந்தான் என்னை அலைக்கழித்தது. அது நாலாவதுக்குச் சற்று முன்னால், நகத்தால் செம்பில் சுண்டியது போலச் சின்னதாக வரும். அது வருகிற நேரத்தில் வெளியே ஒன்றுமே மாறுவதாகத் தெரியவில்லை. ஒரு கிழமை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சட்டைக்கு இரண்டு இடக்கை வைத்துத் தைத்து, ஆசிரியர் ஒருவரின் மனைவியிடம் பேச்சு வாங்கினேன். பிறகு ஒரு நாள் எண்ணெய் போடுவதற்காக அண்ணை சில்லைக் கழற்றி எடுத்தபோது, வெறுங் கூட்டை வாங்கிக் குதிரையை இழுத்துப் பார்த்தேன். கூட்டின் அடியில் ஒரு சின்ன இரும்பு நாக்கு இருந்தது. இழுக்கத் தொடங்கியதும் அது உள்ளே ஒளிந்தது. மூன்றாவது சத்தத்தில் படக்கென்று வெளியே எழும்பியது. சில்லைத் திருப்பிப் பார்த்தால் அதன் வெளிப்புறத்தில் சுற்றிவர ஆறு சின்னக் குழிகள். நாக்கு போய்க் குழிக்குள் விழுகிற சத்தந்தான் மூன்றாவது. அதற்குப் பிறகு சில்லு அசையாது. நாலாவது, குதிரை முழுக்கப் பின்வாங்கி, வெடிக்கத் தயாராக நிற்கிற சத்தம்.

அண்ணையின் முகத்துக்கு நேரே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப அந்த நாக்கு விழாட்டில் சில்லு நேர நில்லாது" என்றார் யோசித்துக்கொண்டு. "ஓட்டையும் குழலும் ஒண்டுக்கொண்டு விலகி நிக்கும். குண்டு விளிம்பிலை அடிச்சு இரும்பு வெடிக்கும். எங்கடை லைனிலை ஒரு சீக்கியக் காவல்காரனுக்கு ரண்டு விரல் போனது. ஏனெண்டு அண்டைக்கு ஒருத்தருக்கும் விளங்கேல்லை."

அதன் பிறகு எண்ணெய் போடும் ஒவ்வொரு முறையும் அண்ணை என்னைக் கூப்பிட்டு இழுத்துக் காட்டுவார். நான் நாலு விரலைக் காட்டினால்தான் துவக்கை உறையில் வைப்பார். அந்த ஒரு வேலையில் மட்டும் நான் அவருக்குக் காதாக இருந்ததில் எனக்குப் பெருமை.

நவராத்திரி வந்தது. கடைசி நாள் கும்பத்துக்கு முன்னால் வீட்டிலுள்ள புத்தகங்கள், ஆயுதங்கள் எல்லாவற்றையும் வைத்துப் பூசை செய்வோம். மண்வெட்டி, கத்தி, என் மெசின், கத்தரிக்கோல், அண்ணை எழுதுகிற பேனை. துவக்கும் ஆயுதந்தானே என்று அம்மா அதையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அண்ணை தோட்டாக்களை எடுத்துவிட்டுக் கொடுத்தார். பக்கத்தில் போகவே பயந்த அம்மாவுக்கு, கும்பத்துக்கு முன்னால் வைத்ததும் பயம் போய்விட்டது. எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவர், துவக்கின் சில்லில் பொட்டு வைக்கவென்றே செய்தது போல ஆறு குழி இருப்பதைக் கண்டார். மோதிர விரலால் குழைத்த சந்தனத்தை ஒவ்வொரு குழியிலும் நிறைய அப்பி, மேலே குங்குமமும் வைத்தார். நான் கடலைச் சட்டியோடு அந்த வழியால் போனவள், நின்று பார்த்து, துவக்கு இப்போது கலியாண மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனேன். சத்தத்துக்கு அவ்வளவு காது கொடுத்தவள் கண்ணைக் கொடுக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் வரும்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள் என்று தரகர் அன்றைக்கே பெண்ணின் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அயலூரில் புகையிலைத் தோட்டம் வைத்திருக்கிற பெரிய கமக்காரர். சாதகம் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளையை நேரில் பார்ப்பதுதான் மிச்சம். அண்ணை அவருக்கு எதிரே இருந்து, உதட்டைப் பார்த்து, முட்டுப்பட்ட இடத்தில் என்னைப் பார்த்து, எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். அம்மாவின் முகத்தில் பால் பொங்கியது. நான் கோப்பி போடக் குசினிக்குப் போனேன்.

அந்த நேரத்தில் அந்தக் கமக்காரப் பெரியவரின் கண் கும்பத்தடியில் இருந்த துவக்கில் விழுந்துவிட்டது.

"உந்தத் துவக்கையும் வைச்சுக் கும்பிட்டனீங்களோ? நல்லது. ஒரு வெடி வைச்சுக் காட்டுங்கோவன் தம்பி, நல்ல நாளிலை."

அண்ணைக்கு அது நன்றாக விளங்கிவிட்டது. சால்வையால் சந்தனத்தைத் துடைத்தார். மேலே இருந்தது போய்விட்டது. குழிக்குள் இருந்தது ஒரு இரவு முழுக்கக் காய்ந்து சுண்ணாம்புச் சாந்து போல இறுகிக் கிடந்தது. கிணறு இறைத்த மண் குவிந்து கிடந்த பின்வளவுக்கு எல்லாரும் வந்தார்கள். மண்ணுக்கு முன்னால் ஒரு பனங்குற்றியில் தேங்காய்ப் பொச்சை வைத்தார்கள். அண்ணை தோட்டாவைப் போட்டு, குதிரையைப் பழையபடி மெல்ல இறக்கிவிட்டார். என்னைத் தேடிச் சுற்றிப் பார்த்தார் என்று பிறகு சொன்னார். நான் இருக்கவில்லை. நாலு விரல் காட்ட ஆளில்லாமல் குதிரையை இழுத்தார்.

கோப்பித் தட்டோடு நான் குசினி வாசலில் வந்து நின்றபோதுதான் அது நடந்தது. அண்ணையிடம் போக ஐந்து கவடு வைத்தால் போதும். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதால் தெளிவாகக் கேட்டது. ஒன்று. இரண்டு. பிறகு, ஊசி தடித்த துணியில் இறங்குவது போல ஒரு மொக்கைச் சத்தம். நாலு.

செம்பில் சுண்டுகிற சத்தம் வரவில்லை. எனக்கு முந்தின நாள் பார்த்த ஆறு பொட்டும் கண்ணுக்குள் வந்தன.

"அண்ணை, பொறுங்கோ!"

பெரியவர் திரும்பினார். தரகர் திரும்பினார். அம்மா திரும்பி, கண்ணாலேயே என்னை எரித்தார். வேலியில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது. அண்ணை மட்டும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பொச்சைக் குறி பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். தோளைத் தொட்டால் திடுக்கிட்டு விசையை இழுத்துவிடுவார். கையைப் பிடித்தாலும் அப்படித்தான். அந்த யந்திரத்தில் ஏதாவது குறுக்கே போகக்கூடிய இடம் ஒன்றுதான் இருந்தது. குதிரைக்கும் கூட்டுக்கும் நடுவில் என் வலக்கையைக் கொடுத்தேன். அதே நேரத்தில் அவர் இழுத்தார். குதிரையின் மூக்கு என் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலிருந்த சதையில் குத்தி நின்றது. வெடிச் சத்தம் வரவில்லை.

"என்ன விசர் வேலை பாத்தனீ?" என்று அண்ணை கத்தினார். நான் இரத்தம் வடிகிற கையை அப்படியே வைத்துக்கொண்டு இடக்கை விரலால் சில்லைத் தள்ளிக் காட்டினேன். அசையவே கூடாத சில்லு அசைந்தது. அண்ணையின் முகம் வெளிறிப்போனது. துவக்கை மண் பக்கம் திருப்பி, மெல்ல என் கையை விடுவித்து, தோட்டாவை எடுத்துவிட்டுக் குற்றியில் இருந்துகொண்டு என் சட்டையில் குத்தியிருந்த ஊசியால் குழியைக் கிண்டினார். சந்தனம் தூள் தூளாகக் கொட்டியது.

பெரியவர் அண்ணையின் பின்னால் வந்து நின்றார். சாதாரணக் குரலில் கேட்டார்.

"தம்பி, எப்ப மலாயாவுக்குத் திரும்பிறியள்?"

அண்ணை கிண்டிக்கொண்டிருந்தார். பெரியவர் இன்னொரு முறை கேட்டார். "தை மாசம்" என்று அம்மா அழுகிற குரலில் சொன்னார். பெரியவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வேறு கோப்பி போட்டுக் கொண்டுவரட்டோ என்று அம்மா கேட்டதற்கு, "வேண்டாம் பிள்ளை, போயிட்டு வாறம்" என்று மட்டும் சொன்னார். எங்கள் வீட்டில் அவர் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

மூன்றாம் நாள் சாதகம் திரும்பி வந்தது. பொருத்தம் காணாதாம்.

அம்மா என்னோடு கதைப்பதை விட்டுவிட்டார். சட்டி பானையோடு கதைத்தார். "கையைக் குடுத்தவள் வாயை மூடிக்கொண்டு குடுத்திருக்கலாம்" என்று அகப்பையிடம் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. கத்தியதால் அண்ணையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது. கத்தியும் பயனில்லாமல் போனதே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அண்ணை சாக்கை விரித்து என்னைக் கூப்பிட்டார். துவக்கை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித் துடைத்திருந்தார். வெறும் குதிரையை இழுத்தார். கட்டுப் போட்ட வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு நான் இடக்கையில் நாலு விரலைக் காட்டினேன்.

"மூண்டாவது?"

"வந்திட்டுது."

துவக்கை உறையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு நீ கத்தினனீயாம். உரத்தோ?"

"சங்கரத்தைச் சந்தியிலை நிண்டவைக்கும் கேட்டிருக்கும்."

சிரிக்கப் போனவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "துவக்கின்ரை சத்தத்தை உன்னட்டைக் கேக்க எனக்கு வெக்கம் வரேல்லை. சனத்தின்ரை சத்தம் கேக்கேல்லை எண்டு சொல்லத்தான் வெக்கமாக் கிடந்தது. அதுக்கு உன்ரை கை போகப் பாத்தது." அம்மா குசினி வாசலில் நிற்பதைப் பார்த்து, அவருக்கும் சேர்த்துச் சொன்னார். "இனிப் போற இடத்திலை நானே சொல்லுவன்."

"உந்தக் காதுக் கதையைச் சொன்னால் ஆர் மோனை பொம்பிளை தருவினம்? ஆயிரம் பொய் சொல்லியும்…"

"ஆயிரமும் சொல்லி முடிஞ்சுது அம்மா."

கார்த்திகையில் தென்மராட்சிப் பக்கம் ஒரு இடம் பேசி வந்தது. மூன்று பேரும் போனோம். பெண்ணின் தகப்பன் "வாங்கோ, இருங்கோ" என்று பாயைக் காட்டினார். அண்ணை பாயில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார்.

"எனக்குக் காது கேக்காது. முகத்தைப் பாத்து உரத்துக் கதைச்சால் விளங்கும். அதைச் சொல்லிப்போட்டு இருப்பம் எண்டு பாத்தன்."

அந்தத் தகப்பன் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி நிலத்தைப் பார்த்தார். அம்மா வாசலில் கழற்றி வைத்த செருப்பைப் பார்த்தார். நான் கையில் ஆறிக்கொண்டிருந்த காயத்தைத் தடவினேன். அடுத்ததாக என்ன சத்தம் வரும் என்று என் காது காத்துக்கொண்டிருந்தது.

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. பெண் கோப்பித் தட்டோடு வந்தாள். குனிந்த தலை நிமிராமல் தட்டை வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். அவள் நேரே போய் அண்ணைக்கு முன்னால் நின்றாள். முகத்தை நிமிர்த்தினாள். முற்றத்து மாடு வைக்கோலை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிற அளவு உரத்த குரலில், ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"கோப்பிக்குச் சீனியோ, பனங்கட்டியோ?"

வழக்கம் போல நான் வாயைத் திறந்து, ஒப்புவிக்கத் தயாராக நிமிர்ந்தேன்.

அண்ணை என் பக்கம் திரும்பவே இல்லை.

"பனங்கட்டி" என்றார்.